முழங்கால் உயரம்

அவளைக் கருநாக்குக்காரி என்று சொன்னவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள். மீதிப் பேர் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், "காஜா பெராங்ல அந்தக் காலத்துல ஒரு பொம்பள இருந்தாங்களாமே ஆன்ட்டி, வாயத் தொறந்தா பலிச்சிடுமாமே?" என்று கேட்டாள். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நான் பாயசத்தைத் தள்ளி வைத்துவிட்டேன். செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். அவர்கள் உயிரோடு இருந்தபோதும் திட்டியவள்தான்.

அவள் காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த மாட்டுக் கொட்டகையில் வேலை செய்தாள். கைலிக்கு மேலே புருஷன் விட்டுப்போன சட்டை ஒன்று, வாயில் எந்நேரமும் வெற்றிலை. நான் அப்போது கல்யாணமாகி வந்து, முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தேன். பால் வாங்கப் போன இடத்தில் பழக்கம். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. 'கீழவை' என்றுதான் கூப்பிட்டார்கள். நான் அக்கா என்பேன்.

அந்தப் பெயர் வந்த கதையை என் அடுப்படியிலிருந்தே தொடங்கலாம். முதல் தடவை வீட்டுக்கு வந்தவள், கோப்பி கலக்கிக் கொடுப்பதற்குள் என் பலகைத் தட்டை அண்ணாந்து பார்த்தாள். மேல் தட்டில் ஊறுகாய் ஜாடி இருந்தது. அம்மா கொடுத்தது, நல்ல கனம். "இத எதுக்கு உன் மண்டைக்கு மேல வச்சிருக்க? கீழ வை" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தானே நாற்காலி போட்டு ஏறி, ஜாடியை இறக்கித் தரையில் வைத்துவிட்டுத்தான் கோப்பியைத் தொட்டாள். மறுநாள் அந்த ஜாடியைச் சுற்றி எறும்பு வரிசை. எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஆனாலும் ஜாடியைத் திரும்ப மேலே ஏற்றவில்லை. ஏற்றினால் அவள் மறுபடி வருவாள் என்ற பயம்தான்.

எங்கே போனாலும் அவள் கண் மேலே போகும். கல்யாண வீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே வாழைத்தார் கட்டியிருந்தார்கள். முகூர்த்த நேரத்தில் எழுந்து நின்று அதை இறக்கச் சொன்னாள். பெண்ணைப் பெற்றவர் அவளை வெளியே அனுப்பினார். முள்ளுமுள்ளாக டுரியான் பழம் விழுகிற காலத்தில் மரத்தடியில் யார் நின்றாலும் கையைப் பிடித்து இழுத்துவிடுவாள், அவர் யார் எவர் என்று பார்க்க மாட்டாள். நாட்டுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா, வந்த வருடம் ரோட்டின் குறுக்கே மூங்கிலில் வளைவு கட்டி, கொடி, விளக்கு எல்லாம் தொங்கவிட்டிருந்தார்கள். ஊரே அதன் அடியில் நின்று வேடிக்கை பார்த்தது. அவள் மட்டும் சாக்கடை ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனாள். ஏன் அக்கா என்றேன். "மெர்டேக்கா வந்துச்சின்னா மூங்கிலு கனம் கொறஞ்சிடுமா?" என்றாள்.

இப்படி ஒருத்தி இருந்தால் காரணம் தேடுவார்கள் இல்லையா? தேடினார்கள். எஸ்டேட்டில் இருந்தபோது புருஷன் மேல் மரம் விழுந்தது என்றார் ஒருவர். பிள்ளை மேல் ஏதோ சரிந்தது என்றார் இன்னொருவர். நான் நேராகவே கேட்டேன். புருஷன் காய்ச்சலில் போனவர், பிள்ளை பிறக்கவே இல்லை என்றாள். "எனக்கு ஒன்னும் நடக்கல. நடந்தப்புறம்தான் பயப்படணுமா?" இதைவிடத் தெளிவாக யாராவது பேசிவிட முடியுமா? ஆனால் ஊருக்கு இது போதவில்லை. ஒரு பொம்பளைக்குப் புத்தி இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதைவிட, அவளுக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று சொல்வது சுலபம்.

சரி, டிராக்டருக்கு வருகிறேன்.

கொட்டகை முதலாளி ஒரு எஸ்டேட்டிலிருந்து பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி வந்தார். அதன் முன்னால் இரண்டு இரும்புக் கைகள், கைகளின் நுனியில் அகலமான தட்டு. டிரைவர் சீட்டுக்கு மேலே கூரை கீரை எதுவும் கிடையாது. புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கத்து வயல்களில் அறுப்பு முடிந்ததும் வைக்கோலை அங்கேயே பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டி லோரியில் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு உருளையும் ஆள் நெஞ்சு உயரம் இருக்கும். முன்பெல்லாம் கொட்டகைக்கு வந்ததும் கட்டைப் பிரித்துத் தலைச்சுமையாகப் பரணில் ஏற்றுவார்கள். டிராக்டர் வந்த பிறகு உருளையை அப்படியே தட்டில் ஏற்றி, கைகளைப் பரண் உயரத்துக்குத் தூக்கி, உள்ளே தள்ளினார்கள். முதலாளிக்கு ஏகப் பெருமை. வருகிற போகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டுவார்.

அக்கா முதல் நாளே பார்த்துவிட்டாள். கைகள் மேலே போகப் போக, நுனியிலிருந்த தட்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்பக்கம் சாய்ந்தது. தட்டில் இருப்பது உருண்டை. பின்னால் உட்கார்ந்திருப்பவன் டிரைவர். நடுவில் இருப்பது அந்த இரண்டு கைகள்தான், தண்டவாளம் போட்டுக் கொடுத்தமாதிரி. இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டுமா? "உருண்டைன்னா உருளத்தான் செய்யும்" என்று முதலாளியிடம் போய்ச் சொன்னாள். முழங்காலுக்கு மேலே தூக்கக் கூடாது, பரணுக்குப் பழையபடி தலைச்சுமையே போகட்டும், தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் தட்டின் பின்னால் உயரமாக ஒரு கம்பித் தடுப்பு வைத்து உருளையைச் சங்கிலியால் கட்டுங்கள் என்றாள். தெருமுனைப் பட்டறைச் சீனர் அரை நாள் வேலை என்று சொன்னதையும் சொன்னாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாகிவிட்டதா என்று கேட்டார் முதலாளி.

டிரைவர் சாமிக்கண்ணு நல்ல பையன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கத்தக் கத்த அவனுக்குச் சிரிப்பு. அவள் முற்றத்தில் நிற்கிறாள் என்றால் வேண்டுமென்றே இன்னும் ஒரு சாண் உயர்த்துவான். ராத்திரி மழையில் நனைந்து உருளைகள் கனத்துக் கிடந்த ஒரு காலை. "கீழ வை, கீழ வை" என்று அவள் கத்துவது என் தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கடைசியாக அவள் சொன்னதும் கேட்டது. "சொன்னா கேக்க மாட்ட. இன்னிக்கு அது உன் மேலதான் உருளப் போவுது பாரு."

உருண்டது. மேலே போன உருளை தட்டிலிருந்து நழுவி, இரண்டு கைகளின் மேல் அப்படியே இறங்கி, சீட்டோடு சேர்த்து அவனை அமுக்கியது. நாலைந்து ஆட்கள் சேர்ந்து அதைப் புரட்டித் தள்ளினார்கள். உயிர் இருந்தது. முதுகெலும்பு போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் நிமிர்ந்து உட்காரவே இல்லை.

இங்கேதான் எனக்கு இன்றைக்கும் இரத்தம் கொதிக்கிறது. அவனைப் பெற்றவள் ஓடி வந்தாள். மண்ணை வாரி யார் மேல் தூற்றினாள்? தடுப்பு வைக்காதவர் மேலா? இல்லை. அக்கா மேல். "உன் வாய்தான்டி எம்புள்ளைய சாச்சிச்சு" என்றாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் அவள் மனுஷியாகவே இல்லை. ஆனால் பக்கத்தில் நின்ற முதலாளி? அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். "நானும் கேட்டேன். இன்னிக்கு உருளும்னு வாய் வச்சாளே" என்றார் மெதுவாக. அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் காஜா பெராங் முழுக்கக் கருநாக்கு. எச்சரித்தவள் குற்றவாளி, தூக்கச் சொன்னவர் பாவம் நஷ்டப்பட்ட மனிதர். வேறு எந்த ஜாதி ஜனமாவது இப்படி ஒரு கணக்குப் போடுமா?

போடாது என்பதற்கு அத்தாட்சி பின் சந்திலேயே இருந்தது. அங்கே ஒரு செட்டி வீடு. கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். அந்த வீட்டு அம்மாள் சேதி கேட்டுவிட்டு வெற்றிலைத் தட்டோடு வந்தார். மருமகளுக்கு மாதம் நெருங்கியிருந்தது. சொன்னது பலிக்கிற வாயை அவர்கள் 'மாசின் மூலுட்' என்பார்களாம், உப்பு வாய். அப்படிப்பட்டவரிடம் நல்ல வார்த்தை கேட்டு வாங்கிக்கொள்வது வழக்கமாம். அக்கா அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்து, எல்லாம் நல்லபடி நடக்கும் என்றாள். அதோடு விட்டாளா? தூளியை விட்டத்தில் உயரக் கட்டாதே, முழங்கால் உயரத்தில் கட்டு என்று கையால் காட்டிவிட்டு வந்தாள். பிள்ளை நல்லபடி பிறந்தது. அந்தச் சந்தில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். எங்கள் வரிசையில் அவளைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். நடுவில் இருந்தது ஒரு சாக்கடைதான்.

முதலாளி அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவள் தொட்டால்தான் சில மாடுகள் பால் இறக்கும். ஆனால் நிபந்தனை போட்டார். மாட்டைப் பார்க்கலாம், சாணி அள்ளலாம், முற்றத்தில் வாய் திறக்கக் கூடாது. அவளும் சரி என்றாள். நாள் முழுக்க வெற்றிலையை அடக்கிக்கொண்டு இருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் என் வீட்டுப் பின்படியில் உட்கார்ந்து அத்தனையையும் என்னிடம் கத்தித் தீர்ப்பாள். அவர் தடுப்பு வைத்தாரா என்று கேட்பாள். வைக்கவில்லை என்று அவளுக்கும் தெரியும். அவர் செய்தது வேறு. பூசாரியை அழைத்து டிராக்டருக்குத் திருஷ்டி கழித்தார். பூசணிக்காய் உடைத்தார். முன்பக்கம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். இரும்புக்குச் சீனர் பட்டறை, எலுமிச்சைக்குப் பசார். இரண்டுக்கும் தூரம் ஒன்றுதான். மனுஷன் பசாருக்குத்தான் போனார்.

பிறகு காலியான சீட்டுக்கு ஆள் தேடினார். கிடைத்தவன் என் தம்பி.

எனக்கு ஒரே தம்பி. அப்பா இல்லாத வீடு. டிராக்டர் ஓட்டுவது என்றால் அந்த வயசில் விமானம் ஓட்டுகிறமாதிரி. அக்காவைவிட நான் அதிகமாகக் கத்தினேன். முழங்காலுக்கு மேலே ஏற்ற மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். சில மாதம் அப்படியே ஓட்டவும் செய்தான். உருளையைத் தாழ வைத்து மெதுவாகக் கொண்டுபோய்ப் பரணுக்கு அடியில் இறக்குவான், ஆட்கள் பிரித்து மேலே ஏற்றுவார்கள். முதலாளி முணுமுணுத்தார். இதற்கா டிராக்டர் வாங்கினேன் என்றார். கருநாக்குக்குப் பயந்த கொட்டகை என்று மற்ற பால்காரர்கள் கேலி பேசியது அவருக்கு உறைத்தது.

ஆயுத பூஜை வந்தது. டிராக்டரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பெரிய உருளை ஒன்றைத் தட்டில் ஏற்றி அதற்கும் மாலை போட்டார்கள். அக்கம்பக்கம் பூராவும் வந்திருந்தது. உஜோங் பாசிரிலிருந்து முதலாளியின் சம்பந்தி வீட்டார்கூட வந்திருந்தார்கள். பூஜை முடிந்ததும் முதலாளி எல்லோருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னார். தோஷம் கழிந்தது, இனி ஒன்றும் ஆகாது, எல்லோரும் பார்க்க உருளையை முழு உயரத்துக்குத் தூக்கு. தம்பி என்னைப் பார்த்தான். அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல அந்த வயசில் யாருக்கு வாய் வரும்? எஞ்சினைக் கிளப்பினான். முந்தின நாள் மழை. வைக்கோல் கறுத்துப்போய் இருந்ததை நான் பார்த்தேன்.

அப்போதுதான் கொட்டகைக்குள்ளிருந்து அவள் வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக டிராக்டரின் முன்னால் போனாள். தட்டு தரையை ஒட்டித்தான் இருந்தது. கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து ஏறி, மாலை போட்ட உருளையின் உச்சியில் உட்கார்ந்துவிட்டாள். மூங்கில் வளைவின் அடியில்கூடப் போகாதவள் அங்கே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

இறங்கு என்றார் முதலாளி. அவள் அசையவில்லை. பூஜை செய்த பொருள் மேல் ஏறி உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று அதட்டினார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, கீழே கீழே என்று காட்டினாள். அவருக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னா வேணும் உனக்கு? வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்" என்றார்.

அவள் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"பேசட்டா முதலாளி?"

அவ்வளவுதான் கேட்டாள். முன்வரிசையில் நின்ற சம்பந்தியம்மாள் பேரனை இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். ஆட்கள் இரண்டு அடி பின்னால் போனார்கள். கொட்டகை, மாடு, மகன், மருமகள் என்று முதலாளிக்கு இழக்க நிறைய இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம். ஒன்னும் சொல்லிடாத. எறங்கு. தூக்கல." அவள் இறங்கவில்லை. தலையைத் திருப்பி என் தம்பியைப் பார்த்தாள். அவன் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு கீழே குதித்தான். அதற்குப் பிறகுதான் அவள் இறங்கினாள்.

அந்த வாரமே தட்டின் பின்னால் உயரமாகக் கம்பித் தடுப்பு வந்தது. சங்கிலியும் வந்தது. பட்டறைச் சீனருக்கு உண்மையிலேயே அரை நாள் வேலைதான். சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கு வந்தது ஆத்திரம். ஒருவன் முதுகு ஒடிந்தபோது வராத இரும்பு, ஒரு பொம்பளையின் வாய்க்குப் பயந்து வந்தது. அதற்குப் பிறகு ஒரு விபத்தும் இல்லை. பூசணிக்காய் வேலை செய்தது என்று முதலாளி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு வேலை போயிற்று. அதோடு, அதுவரை கொஞ்சம் சந்தேகத்தோடு சொன்னவர்கள்கூடக் கருநாக்கு என்று அடித்துச் சொன்னார்கள். அவளே ஒப்புக்கொண்டாளாம், பேசட்டா என்று மிரட்டினாளாம். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எதற்கும் அழைப்பு கிடையாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிரே வருகிறவர்கள் அவளைக் கண்டால் சந்து மாறிப் போவார்கள். எனக்குத் தாங்காது. ஏன் அக்கா அப்படிக் கேட்டீர்கள், இனிமேல் உங்களை ஒருத்தரும் வாசல் ஏற்ற மாட்டார்களே என்று ஒரு நாள் பின்படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏத்தாட்டிப் போறாங்க" என்றாள். "உன் தம்பி நடக்கறான்ல?"

பல வருடம் கழித்து அவள் செட்டி வீட்டார் கொடுத்த பின்னறையில் செத்துப்போனாள். கடைசிவரை சோறு கொடுத்தது அந்த வீடும் என் வீடும்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரிலும் ஒருவர், பாவம் நல்ல மனுஷி, நாக்குதான் சரியில்லை என்றார். என் கையில் பால் சொம்பு இருந்தது. இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

பாடையைத் தூக்கினார்கள். முன்பக்கம் என் தம்பி. அதற்குள் அவன் சொந்த லோரி வைத்திருந்தான், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். மற்ற மூன்று பேரும் தோளுக்கு ஏற்றப் போனபோது, "தோளுக்கு வேணாம், கையிலயே புடிங்க" என்றான். வழக்கம் அதுவல்ல என்றார் சடங்கு செய்தவர். பிணத்தைத் தாழத் தூக்கிக்கொண்டு போனால் ஊர் என்ன பேசும் என்றார் இன்னொருவர். ஊர் பேசாததா, என்றான் அவன். "அவங்களுக்கு ஒசரம் புடிக்காது."

அப்படியே கையைத் தொங்கவிட்டு, முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது. நான் ரோட்டு முனைவரை போய் நின்றேன். கொட்டகை வாசலைத் தாண்டும்போது கனத்தில் பின்னால் இருந்தவர்கள் தடுமாறினார்கள், கை மாற்றிக்கொண்டார்கள். என் தம்பி மாற்றவில்லை. கண்ணுக்கு மறையும்வரை அவன் கால்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்து நடந்துகொண்டிருந்தான்.